வலிக்காத பூட்ஸ்

அறுபத்தோரு வயதில் ரோமெட் ஃபால்க்னரின் பூட்ஸ் உடைந்தது. வீட்டிலோ கொட்டகையிலோ ஒருவர் கண்ணிலும் படாமல் உடைந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அக்டோபர் மாதப் பயிற்சியில், பனியாற்றின் மேல், பனிச்சறுக்குப் பள்ளியின் இருபத்தெட்டு ஆசிரியர்களும் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு திருப்பத்தின் நடுவில் இடது பூட்ஸின் வெளிக்கூடு கணுக்காலுக்குக் கீழே வாய் பிளந்தது. பிளாஸ்டிக் சில்லுகள் பனியில் சிதறின. ரோமெட் மீதி இருநூறு மீட்டரையும் ஒற்றைக் காலில் சறுக்கி வந்து நின்றார். விழவில்லை. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பூட்ஸ் சிதறியதைத்தான் பேசினார்கள்.

"உனக்கு முன்னாடி உன் பூட்ஸ் ஓய்வு வாங்கிடுச்சு போல ரோமெட்," என்றான் லூயிஸ். பள்ளியின் தலைவன். ஐந்து வயதில் மூக்கு ஒழுக ஒழுக ரோமெட்டிடம்தான் அவன் சறுக்கப் படித்தான்.

"அது வாங்கட்டும். நான் வாங்கறதா இல்ல."

"இந்த வருஷத்துலேருந்து பள்ளி பூட்ஸ் குடுக்காது, தெரியும்ல. அவங்கவங்க சொந்தமா வாங்கணும். வாங்கிட்டு மறக்காம சீட்டு கொண்டா."

"என்ன சீட்டு?"

"கூடு எத்தனை வருஷப் பழசு, அடி தேஞ்சிருக்கா, காலுக்குச் சரியா இருக்கான்னு பூட்ஸ் பொருத்தறவன் கையெழுத்து போட்டுத் தரணும். சீட்டு இல்லன்னா சிவப்புச் சட்டை இல்ல, பாடம் எடுக்க முடியாது. நான் போட்ட சட்டம் இல்ல, காப்பீட்டுக்காரன் போட்டது."

"யாரு கையெழுத்து போடறது?"

லூயிஸ் கையுறையை இழுத்து இழுத்து மாட்டினான். அது முதலிலேயே சரியாகத்தான் இருந்தது. "நம்ம ஊர்ல எத்தனை பேரு இருக்கான்? ஒருத்தன்தானே."

அந்த ஒருத்தன் ரோமெட்டின் மகன் காசியன்.

எங்கள் ஊர் ஹின்டர்மோஸில் பிறந்தவனுக்கு நடை வருவதற்கு முன்னால் சறுக்கல் வந்துவிடும் என்று வெளியூர்க்காரர்களிடம் நாங்கள் பீற்றிக்கொள்வோம். மற்றவர்கள் விஷயத்தில் அது வெறும் பேச்சு. ரோமெட் விஷயத்தில் கிட்டத்தட்ட உண்மை. எட்டுப் பசுக்கள் வைத்திருந்த வீட்டில் மூன்றாவது பிள்ளை. அண்ணன்மார் போட்டுக் கழித்த தோல் பூட்ஸில் தொடங்கி, பத்தொன்பது வயதில் மாநில அணிக்குப் போனார். இரண்டு குளிர்காலம் அங்கே இருந்தார். மூன்றாவதில் முட்டி போய்விட்டது. ஊர் திரும்பி ஆசிரியர்களின் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டார். அன்று போட்ட சட்டை, முப்பத்தொன்பது குளிர்காலம் ஆகியும் இறங்கவில்லை. கோடையில் புல் அறுப்பார், ஆட்களை மலையேற்றும் கம்பிவட நாற்காலிகளுக்கு எண்ணெய் போடுவார். ஆனால் அதெல்லாம் டிசம்பருக்காகக் காத்திருக்கும் நேரம்தான்.

நாற்பதாவது குளிர்காலத்தைத் தொட்டவருக்கு எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு. புத்தாண்டு மாலை, இருட்டத் தொடங்கும்போது, ஆசிரியர்கள் எல்லோரும் பந்தம் ஏந்தி மலையிலிருந்து வரிசையாகச் சறுக்கி இறங்குவார்கள். முதல் பந்தம் அவர் கையில் இருக்கும். கீழே வந்ததும் சட்டையில் பதக்கம் மாதிரி ஒரு வெள்ளி ஊசி குத்துவார்கள். இதுவரை மூன்று பேருக்குத்தான் குத்தியிருக்கிறார்கள். நாலாவது ரோமெட் என்பது போன வருஷமே முடிவாகிவிட்டது. பேக்கரிக்காரி கூட "நம்ம ஊசிக்காரரு வந்துட்டாரு" என்று சொல்லித்தான் ரொட்டியை எடுத்து வைப்பாள்.

பூட்ஸைப் பற்றி ரோமெட்டுக்கு ஒரே ஒரு கொள்கை. முதல் வாரம் கண்ணில் தண்ணீர் வர வேண்டும். வரவில்லை என்றால் அது பூட்ஸ் இல்லை, வீட்டுச் செருப்பு. மாநில அணியில் அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கால் அளவுக்கு இரண்டு அளவு குறைத்துப் போட்டுக்கொண்டுதான் அவர்கள் பந்தயப் பாதையின் கம்பங்களுக்கிடையே பாய்ந்தார்கள். அகலமான, இளகிய பூட்ஸ் போட்ட சுற்றுலாக்காரர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "படுக்கையையும் கூடவே கொண்டுவந்திருக்கலாமே" என்பார். அவர்கள் சிரிப்பார்கள். ஆசிரியர் வேடிக்கையானவர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

காசியன் சிரிக்கவில்லை. ஒன்பது வயதில் ஊர்ப் பந்தய அணியில் சேர்ந்தவனுக்கு ரோமெட் தன் கையாலேயே பூட்ஸ் தேர்ந்தெடுத்தார். ஒரு விரல் கூட நுழையாத பூட்ஸ். பையன் "அப்பா, வலிக்குது" என்றான். "வலி தலையில இருக்குடா, கால்ல இல்ல. நட" என்றார் ரோமெட். மறுநாளும் வலிக்குது என்றான். அடுத்த வருஷமும் என்றான். பிறகு சொல்வதை விட்டுவிட்டான். பையன் பழகிவிட்டான் என்று ரோமெட் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பதினான்கு வயதில் அவன் இரண்டு குதிகாலிலும் எலும்பு முண்டு முண்டாக வளர்ந்து நின்றது, சுண்டுவிரல்கள் மடிந்து பக்கத்து விரலுக்கு அடியில் போயிருந்தன. இன்ஸ்ப்ருக் நகரத்தில் இரண்டு அறுவை சிகிச்சை நடந்தது. அவன் அம்மா அஃப்ரா பையனோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள், திரும்பி வரவே இல்லை. சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. அங்கேயே ஒரு வேலை பார்த்துக்கொண்டாள்.

காசியன் எலும்புக் கோளாறுக்கான காலணி செய்யப் படித்துவிட்டு, இருபத்துநாலு வயதில் ஊருக்குத் திரும்பி வந்தான். தேவாலயத்துக்கு எதிரே, முன்பு பால் சேகரித்த அறையை வாடகைக்கு எடுத்து, பூட்ஸ் பொருத்தும் கடை வைத்தான். மியூனிக்கிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். ரோமெட்டின் அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தால் கடையின் விளக்கு தெரியும். பதினோரு வருஷமாகத் தெரிகிறது. அவர் ஒரு தடவையும் படியேறவில்லை. எதிரே பார்த்தால் தலையை ஆட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. அது ரோமெட்டுக்கும் கீழூர் டாக்டரம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். மார்ச் மாதம் அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. பல வருஷமாகவே இருந்திருக்கும் என்றாள் டாக்டர். இரண்டு பாதங்களிலும் உணர்ச்சி போய்விட்டது, இனி இறுக்கமான எதற்குள்ளும் காலை விடக் கூடாது, தினமும் மாலையில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்றாள். ரோமெட் தலையாட்டிவிட்டு வந்து மருந்துச் சீட்டைப் பாத்திர அலமாரியில் செருகினார். மாத்திரையைப் போட்டார். கண்ணாடி வாங்கவில்லை.

கால் மரத்துப்போனவன் எப்படிச் சறுக்குவான் என்று கேட்கலாம். கெண்டைக்கால் முன்னெலும்பால் சறுக்குவான், இடுப்பால் சறுக்குவான், நாற்பது வருஷப் பழக்கத்தால் சறுக்குவான். ஆனால் பூட்ஸ் காலைக் கல்லாகப் பிடித்திருக்க வேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் உள்ளே பாதம் என்ன செய்கிறது என்று அவருக்குத் தெரியாது. இறுக்கம் முன்பு அவருக்கு வீம்பாக இருந்தது. இப்போது பிழைப்பாகிவிட்டது.

நவம்பர் நடுவில், ஊரில் சுற்றுலாக்காரன் ஒருவனும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, ரோமெட் கடைப் படி ஏறினார். காலைத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, புதுக் காலுறை போட்டிருந்தார். பெண் பார்க்கப் போகிறவன் கூட இத்தனை ஜோடிக்க மாட்டான்.

காசியன் இடுப்பில் தோல் ஏப்ரன் கட்டிக்கொண்டு ஏதோ ஒரு கூட்டைச் சூடுகாட்டி இளக்கிக்கொண்டிருந்தான். ஏறிட்டுப் பார்த்தான். அரை நொடி கை நின்றது.

"வாங்க," என்றான். "உட்காருங்க."

எங்கள் மலையில் ஒருவரையும் 'நீங்க' என்று கூப்பிடும் வழக்கம் கிடையாது. பாதிரியாரும் நீதான், மாடு மேய்ப்பவனும் நீதான், பெற்ற தகப்பனும் நீதான். 'நீங்க' என்பது நகரத்திலிருந்து வருகிற வாடிக்கையாளருக்கு. ரோமெட் அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன வேணும்?"

"பூட்ஸ்தான். வேற என்ன விக்கற நீ இங்க, வெண்ணெயா?"

"வாரத்துக்கு எத்தனை நாள் போடுவீங்க?"

"ஆறு நாளு. இது உனக்குத் தெரியாதா?"

"எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். பழைய பூட்ஸ்ல எங்கெங்க வலிச்சுது?"

"எங்கயும் வலிச்சதில்ல."

காசியன் அதைத் தாளில் எழுதிக்கொண்டான். பிறகு அவர் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, அவர் காலுறைகளைக் கழற்றி, இடது பாதத்தைத் தன் தொடையில் தூக்கி வைத்துக்கொண்டான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது மகன் கை தன்மேல் பட்டு. ரோமெட் குனிந்து பார்த்தார். காசியனின் கட்டைவிரல் புறங்காலின் மேட்டில் அழுந்துவது தெரிந்தது. குதிகாலைச் சுற்றி விரல்கள் வளைந்திருப்பது தெரிந்தது. தெரிந்தது அவ்வளவும் கண்ணுக்கு மட்டும்தான். அந்தக் கை சூடாக இருக்கிறதா, சில்லென்று இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. அது தெரியாமல் போனதுதான் அவருக்கு முதலில் உறைத்தது, வெள்ளி ஊசி கைவிட்டுப் போகுமோ என்ற பயம் கூட அப்புறம்தான்.

"கால் ஐஸ் மாதிரி இருக்கே."

"நடந்து வந்தேன்ல."

"முடியெல்லாம் கொட்டியிருக்கு."

"தலையிலயும்தான் கொட்டியிருக்கு. பூட்ஸை எடுடா."

காசியன் ஒரு கூட்டை எடுத்து, உள்ளுறையை உருவிவிட்டு, வெறும் கூட்டுக்குள் அவர் காலை விடச் சொன்னான். விரல் நுனி முன்னால் முட்டும்வரை தள்ளச் சொல்லிவிட்டு, குதிகாலுக்குப் பின்னால் தன் விரல்களை விட்டுப் பார்த்தான்.

"ரெண்டு விரல் போகுது. இதுதான் சரியான அளவு."

"ஒரு விரல் போற மாதிரி எடு."

"ஒரு விரல் பந்தயக்காரங்களுக்கு."

"நான் யாரு, பால்காரனா?"

காசியன் எழுந்து போய், ஒரு விரல் கூட்டைக் கொண்டுவந்தான். அவரைக் காலுறையைப் போடச் சொல்லி, உள்ளுறையை மாட்டி, பூட்டி, ஒவ்வொரு கொக்கியாக இறுக்கினான்.

"நேரா நில்லுங்க. விரல் முன்னால தொடுதா?"

"லேசா தொடுது."

"முட்டியை மடக்குங்க. இப்போ?"

"கொஞ்சம் பின்னால வந்துடுச்சு."

"குதிகால் தூக்குதா?"

"அசையல."

"புறங்கால்ல அழுத்தம்?"

"சமமா இருக்கு. ரெண்டு பக்கமும்."

பதில்கள் எல்லாம் பாடப் புத்தகத்தில் இருப்பவை. முப்பத்தொன்பது வருஷமாக வாடகைக் கடைகளில் மாணவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடம். அதில்தான் ரோமெட் பிசகிவிட்டார். மனிதக் கால் இத்தனை ஒழுங்காகப் பதில் சொல்லாது. இங்கே கடிக்கிறது என்று ஆரம்பித்து, இல்லை இல்லை அங்கே என்று மாற்றி, பத்து நிமிஷத்தில் எல்லாமே சரி என்று சொல்லி, பணம் கொடுக்கும்போது மறுபடி கடிக்கிறது என்று சொல்வதுதான் கால். காசியன் பதினோரு வருஷமாகக் கால்களோடு பேசிக்கொண்டிருப்பவன்.

"இடது பூட்ஸைக் கழட்டுங்க," என்றான். "குதிகாலை ரெண்டு மில்லிமீட்டர் ஏத்தித் தர்றேன்."

பூட்ஸை எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போனான். ரோமெட் சுவரில் தொங்கிய பாத அச்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதியிருந்தது. ஊரில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். லூயிஸ் இருந்தான். பேக்கரிக்காரி இருந்தாள்.

காசியன் வந்து மாட்டிவிட்டான். "இப்போ?"

"இப்போதான்டா கச்சிதம். இதைத்தான் சொன்னேன்."

"இருபது நிமிஷம் நிக்கணும். நடங்க, மடக்குங்க. எல்லாரும் நின்னுதான் ஆகணும்."

ரோமெட் நடந்தார். பலகைத் தரையில் பூட்ஸ் டக்டக்கென்று விழுந்தது. மனம் லேசாகிவிட்டது அவருக்கு. இவ்வளவுதானா, இதற்கா பயந்தோம் என்று இருந்தது. பேசக்கூடத் தோன்றியது.

"உங்கம்மா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. முட்டி மாத்தியிருக்கு."

"ம்." இரண்டு நடை போய் வந்தார். காசியனின் கம்பளிச் சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லாததைக் கவனித்தார். மான்கொம்பில் செய்த, கொண்டைக்கடலையை விடக் கொஞ்சம் பெரிய உருண்டைப் பொத்தான்கள். எங்கள் ஊரில் எல்லோரும் போடுவதுதான். "ஒரு பொத்தான் தைச்சுக் குடுக்க ஆளு இல்லையாடா உனக்கு? முப்பத்தஞ்சு வயசாச்சு."

காசியன் கடிகாரத்தைப் பார்த்தான். இருபது நிமிஷம் ஆனதும் வந்து உட்கார்ந்து, கொக்கிகளை அவிழ்த்து, இடது பூட்ஸை உருவினான். அதை மேசைக்கு மேலே தூக்கிக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினான்.

பொத்தான் மேசையில் விழுந்து உருண்டு, அளவுகோல் மேல் முட்டி நின்றது.

ரோமெட் அதைப் பார்த்தார். பிறகு தன் காலுறையைப் பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்கால் மேட்டில், துணி வட்டமாகக் குழிந்திருந்தது.

"எத்தனை நாளா?" என்று கேட்டான் காசியன்.

"என்ன எத்தனை நாளா? இன்னைக்குக் குளிரு, கால் விறைச்சுப் போச்சு."

"சர்க்கரையா?"

அதற்கு மேல் பொய் சொல்ல வரவில்லை. "மார்ச்லேருந்து தெரியும்," என்றார். "காசியன், இந்த ஒரு குளிர்காலம் மட்டும். ஊசி குத்தினதும் நானே சட்டையைக் கழட்டி லூயிஸ்கிட்ட குடுத்துடறேன். ஒரே ஒரு கையெழுத்து."

"இந்த பூட்ஸ்ல பிப்ரவரி வரைக்கும் கூட உங்க விரலு தாங்காது."

"எனக்கு வலிக்கலடா. சத்தியமா வலிக்கல."

"தெரியுது," என்றான் காசியன். குரல் ஏறவே இல்லை. "அன்னைக்கு நான் வலிக்குதுன்னு சொன்னேன். நீங்க நம்பல. இன்னைக்கு நீங்க வலிக்கலன்னு சொல்றீங்க. நான் நம்பறேன். அதனாலதான் விக்க முடியாது."

அப்புறம் அவன் எழுந்து போய் வேறொரு ஜோடியைக் கொண்டுவந்து வைத்தான். சாம்பல் நிறம். அகலமான மூக்கு, இளகிய கூடு, உள்ளே கம்பளி. ஐம்பது வயதில் முதன்முதலாகப் பனியைப் பார்க்கிறவர்கள் போட்டுக்கொண்டு மலையுச்சி உணவகம்வரை போய்ச் சூப் குடித்துவிட்டு வருவார்களே, அந்த வகை.

"இதுக்குக் கையெழுத்து போடறேன். ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா கழட்டிப் பாக்கணும். லூயிஸ்கிட்டயும் சொல்லணும். கீழே சின்னப் பிள்ளைங்க களத்துல நின்னு சொல்லிக் குடுக்கலாம். நாற்பதாவது வருஷம் அதுலயும் கணக்குதான்."

ரோமெட்டுக்கு முகமெல்லாம் எரிந்தது. "இதைப் போட்டுக்கிட்டு முதல் பந்தம் பிடிக்கச் சொல்றியா என்னை? ஊரே சிரிக்கும். பழி தீத்துக்கற, இல்ல? பதினோரு வருஷமா இதுக்குத்தான் ஜன்னல்ல விளக்கு போட்டு உக்காந்திருந்தியா?"

"பழி தீக்கணும்னா கையெழுத்து போட்டிருப்பேன்."

ரோமெட் தன் பழைய தோல் காலணியை மாட்டிக்கொண்டார். கதவருகில் நின்று, திரும்பாமலே கேட்டார். "லூயிஸ்கிட்ட சொல்லுவியா?"

"மாட்டேன். அது நீங்க சொல்ல வேண்டியது."

இரண்டு நாள் அவர் ஒருவரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் பேருந்து ஏறி, கீழே பள்ளத்தாக்கு நகரத்துக்குப் போனார். அங்கே பெரிய கடை ஒன்று இருக்கிறது, பெயர் எதற்கு. இருபது வயதுப் பெண் ஒருத்தி சிரித்த முகத்தோடு வந்தாள். எந்த அளவு என்று கேட்டாள், சொன்னார். எப்படி இருக்கிறது என்று கேட்டாள், கச்சிதம் என்றார். எங்காவது கடிக்கிறதா என்றாள்; இல்லை என்றார். காலுறையைக் கழற்றச் சொல்லவில்லை. இருபது நிமிஷம் நிற்கச் சொல்லவில்லை. பத்து நிமிஷத்தில் சீட்டில் முத்திரை விழுந்தது. வாழ்நாளில் முதல்முறையாகச் சொந்தக் காசில், தனக்கென்று வாங்கிய பூட்ஸ். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். காசியன் கடை வழியாகத்தான் நடந்து போனார், வேண்டுமென்றே, பெட்டி தெரியும்படி. காசியன் நிமிர்ந்து பார்த்தான். மறுபடி குனிந்துகொண்டான். அதற்குப் பதில் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

டிசம்பர் பதினேழாம் தேதி பள்ளி திறந்தது. முந்தின இரண்டு நாளும் பனி கொட்டியிருந்தது, அன்று வானம் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. ரோமெட்டுக்கு ஆறு பேர் கொண்ட டச்சுக் கூட்டம். நன்றாகச் சறுக்குபவர்கள். சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் போனார். இருபது வருஷமாக இப்படிச் சறுக்கவில்லை என்று அவருக்கே பட்டது. திருப்பம் ஒவ்வொன்றும் நினைத்த இடத்தில் தொடங்கி நினைத்த இடத்தில் முடிந்தது. மதியம் உணவகத்தில் மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் கொக்கியை அவிழ்த்துவிட்டுக் காலை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ரோமெட் அவிழ்க்கவில்லை. கறுப்பு ரொட்டியும் பன்றிக்கறியும் தின்றுகொண்டே, "என்னடா, படுக்கை போடட்டுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஊசியை இப்பவே குத்திடலாம் போல," என்றான் லூயிஸ்.

நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்து, அடுக்களை நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். வலது கால் வந்துவிட்டது. இடது கால் வர மறுத்தது. மேசைக் காலில் குதியை முட்டுக்கொடுத்து இழுத்தார். வந்தது. காலுறை நனைந்திருந்தது. பனி உள்ளே போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தார். விளக்கைப் போட்டதும் அது பனி இல்லை என்று தெரிந்தது.

காலுறையை உரிக்க உரிக்கத் தோலும் கூடவே வந்தது. பெருவிரலிலிருந்து உள்ளங்கால் மேடுவரை வெந்த கறி மாதிரி இருந்தது. பெருவிரல் நுனி கறுத்திருந்தது. காலுறையை விளக்கருகில் பிடித்துப் பார்த்தார். விரலுக்கடியில் துணி ஒரு மடிப்பு மடிந்து, இரத்தத்தில் அப்படியே ஒட்டி, கட்டியாகியிருந்தது. ஒரே ஒரு மடிப்பு. காலுறையில் சுருக்கம் இருக்கக் கூடாது, ஒரு சுருக்கம் இருந்தாலும் பத்து நிமிஷத்தில் கால் கத்தும் என்றுதான் முப்பத்தொன்பது வருஷமாக, முதல் நாள் முதல் பாடமாக, நாலு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவர் கால் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலரைவரை வாயே திறக்கவில்லை.

சிவப்புச் சட்டை இன்றோடு முடிந்தது என்பதை யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் பந்தத்தை யாரோ பிடிப்பார்கள். அதைக் கூட அவர் அப்போது நினைக்கவில்லை. விரலைக் கையால் அழுத்தினார். இன்னும் அழுத்தினார். ஒன்பது வயதுப் பையன் இதே அடுக்களையில், இதே மேசைக்குப் பக்கத்தில், பூட்ஸோடு நின்றது ஞாபகம் வந்தது. எவ்வளவு வலித்திருக்கும் என்று இப்போது தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். ஆசைப்பட்டு என்ன பிரயோஜனம். விரல் மரக்கட்டையாகக் கிடந்தது.

எதிரே ஜன்னலில் கடை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரோமெட் போனை எடுத்தார்.

மூன்றாவது மணியில் எடுத்தான். "ம், சொல்லுங்க."

"காசியன்."

அந்தப் பக்கம் கருவி எதையோ மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"கால் வலிக்குதுடா," என்றார் ரோமெட். அது பொய். ஆனால் வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

காசியன், "எங்க வலிக்குது உனக்கு?" என்று கேட்டான்.

பையன் எத்தனையோ தடவை வலிக்குது வலிக்குது என்று சொல்லியிருக்கிறான். ஒரு நாள் கூட ரோமெட் அவனிடம் கேட்காத கேள்வி அது. போனைக் காதில் வைத்தபடியே அவர் குனிந்து, இரத்தம் சொட்டும் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"தெரியலடா," என்றார்.